மூன்றாவது தாள்

மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. வாசலில் கார் நின்றால் தம்பி மகனோ என்று எட்டிப் பார்த்தேன். எல்லாம் சைன் பண்ணப் போய் வந்த வினை.

எனக்கு எழுத்து அதிகம் வராது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஆனால் என் பேரை எழுதுவேன். நாற்பது வயதுக்கு மேல் மகளிர் குழுவில் சேர்ந்து பழகியது. அதற்கு முன் எங்கே போனாலும் கைநாட்டு வை என்று மைப்பெட்டியை என் பக்கம் தள்ளுவார்கள். அந்த மை பெருவிரலை விட்டு லேசில் போகாது. சோறு பிசையும்போதெல்லாம் கண்ணில் படும். பிறகு கையெழுத்துப் போடுங்க என்றார்கள். இப்போது எல்லோருக்கும் சைன் பண்ணுங்கதான். பார்சல் கொண்டுவருகிறவன் போனை நீட்டி, "சும்மா கிறுக்குங்க ஆச்சி, போதும்" என்பான். நான் கிறுக்கமாட்டேன். முழுப் பேரையும் எழுதிவிட்டுத்தான் போனைக் கொடுப்பேன்.

குற்றாலத்தில் எங்கள் அப்பா வீட்டின் பின்கட்டில் இருக்கிறேன். முன்கட்டைத் தம்பி மகன் சீசனுக்கு வாடகைக்கு விடுகிறான். தம்பி இப்போது இல்லை. போன வாரம் தம்பி மகன் வந்து, "வயல்ல லாட்ஜ் கட்டப் போறேன் அத்தை. நீங்க தென்காசிக்கு வந்து சைன் பண்ணணும். வரும்போது ஐந்தருவில குளிச்சிட்டு வந்துரலாம்" என்றான். பிறந்த வீட்டு வயலில் பங்கு கேட்பது எங்களில் வழக்கமில்லை. அக்காமாரும் ஆளுக்கொரு சேலையை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர்கள்தான். சரி என்றேன். நாலு நாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேரை எழுதிப் பழகினேன்.

பத்திரம் எழுதுகிறவர் கடையில் கூட்டம். வெளியே சாரல். தம்பி மகன் அவரிடம், "அத்தைக்குக் கை நடுங்கும் அண்ணாச்சி, ரேகை வச்சிரலாமா?" என்று கேட்டான்.

"ஏலே, யாருக்கு நடுங்குது? பேனாவக் கொண்டா" என்றேன்.

முதல் தாளில் எழுதினேன். இரண்டாவதில் இன்னும் நன்றாக வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வாசித்துச் சொல்லச் சொன்னால் கைநாட்டுக்காரி என்று நினைத்துவிடுவாரே. மூன்றாவது தாளில் பேனா எழுதவில்லை. அவர் வேறு பேனா தேடிய நேரத்தில் சும்மா இருக்கமாட்டாமல் எழுத்துக் கூட்டினேன். கிணறு. தென்னை இரண்டு. பின்கட்டு.

"ஏலே, வயலுன்னுதான சொன்ன? இதுல நான் இருக்க வீடும் வருதே?"

"எல்லாத்தையும் ஒரே பத்திரமாப் போட்டாத்தான் அத்தை லேசு. நீங்க இருக்குத வரைக்கும் இருங்க. யாரு வெளிய போகச் சொல்லப் போறா?"

"அப்ப அதையும் இதுல எழுதச் சொல்லு. எழுதி, நீ சைன் பண்ணு."

"வாயால சொன்னா போதாதா?"

"நான் வயலத் தாரேன்னு வாயாலதான சொன்னேன். ஒனக்குப் போதலையேடே."

பக்கத்தில் காத்திருந்த ஆள் சிரித்துவிட்டார். தம்பி மகன் போனைக் காதில் வைத்தபடி சாரலில் இறங்கிப் போனான். திரும்பவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டபிறகுதான் நினைவு வந்தது. என் பேர் எழுதிய இரண்டு தாள் அங்கேயே கிடக்கிறது.

அதை வைத்து என்னவெல்லாம் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கலாமென்றால், வாசிக்காமலா போட்டீர்கள் என்பார்கள். மூன்று நாள் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். இன்று காலை குடையை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் புறப்பட்டேன்.

"அது செல்லாது ஆச்சி. மூணாவது தாள் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் பத்திரக்காரர்.

"செல்லாததுன்னா ஒங்களுக்கு எதுக்கு? என்கிட்டக் குடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோணல் இல்லை, நடுக்கம் இல்லை. என் ஆயுளில் அவ்வளவு அழகாக நான் பேர் எழுதியதில்லை. அதன் நடுவே பிடித்து, நாலாகக் கிழித்தேன்.

தம்பி மகன் இன்னும் வரவில்லை. வரட்டும். வாசிக்கிற கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.