பச்சைக் கல் மாலையின் வயது

தெருவில் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. ஃபேன்ஸி கடையில் முப்பது வருடம் நின்று கால் வீங்கியதுதான் மிச்சம். இப்போது பத்து வருடமாகத் தையல்கடை மாடியில் ஒற்றை மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பழைய கவரிங், கண்ணாடிக் கல் நகை, எதைக் கொண்டுபோனாலும் எந்தக் காலத்தது, என்ன பெறும் என்று சொல்லிவிடுவாள். போலி நகைக்குக்கூட மதிப்பா என்று சிரித்தவர்கள் மறுவாரமே டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவார்கள்.

ஒரே தொல்லை, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்றுதான் பேசுவாள். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்குக் கோபமாம். அவளிடம் முறைத்துக்கொண்டு போனவர்கள் பாதித் தெரு.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவி இறந்து மூன்று மாதம். பச்சைக் கல் மாலை ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"விலை வேணாம்மா. என் மாமியாரோடது. கல்யாணமானப்போ என் சம்சாரம் கொண்டுவந்ததாம். எத்தனை வருஷப் பழசுன்னு எழுதிக் கொடுத்தா, பாட்டி நகைன்னு பொண்ணுகிட்ட கொடுத்துடுவேன்."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"அம்பத்தஞ்சு."

அக்கா கொக்கியைப் பார்த்தாள். நகத்தால் தள்ளினால் திறக்கும் வகை. அவள் கடையில் சேர்ந்த பிறகுதான் அது வந்தது. முதல் பெட்டியைப் பிரித்தவளே அவள்தான். யாராவது பிற்பாடு மாற்றியிருக்கலாமே என்று லென்ஸை வைத்துத் தேடினாள். சங்கிலிக்கும் கொக்கிக்கும் ஒரே பூச்சு, ஒரே தேய்மானம். பேசாமல் எழுதிக் கொடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, இது உங்க மாமியாரோடது இல்ல. நாப்பது வருஷத்துக்குள்ள கடையில வாங்கினது."

அவர் கோபப்படவில்லை. மாலையைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"ஒருநாள் திடீர்னு போட்டுக்கிட்டு நின்னா. பெட்டிக்கு அடியில கிடந்துச்சு, அம்மாதுன்னா. வீட்டுக்கு ஒரு கரண்டி வாங்கினாலே குதிப்பேன் நான்." மாலையைக் கீழே வைத்தார். "அப்போ என்ன விலை இருந்திருக்கும்?"

"ரெண்டு சினிமா டிக்கெட் விலை."

"இதுக்கா பயந்தா?"

அக்கா தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"அம்மா வாங்கினதுன்னே எழுதுங்க," என்றார் அவர். "அப்பாவுக்குத் தெரியாமன்னும் எழுதிடுங்க."

"வயசு மட்டுந்தான் எழுதுவேன். மத்தத நீங்கதான் உங்க பொண்ணுகிட்ட சொல்லணும்."