இரண்டாவது பிளக்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருடம், ஆயுத பூஜைக்கு அம்மா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். வைத்தது டி.வி.யின் நெற்றியில். பக்கத்தில் கிடந்த கறுப்புப் பெட்டிக்கு ஒரு பொட்டுகூடக் கிடைக்கவில்லை. "மதினி, கம்ப்யூட்டர் இந்தா இதுதான். அது நம்ம பழைய டி.வி." என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா ஒப்புக்குச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எழுத்து எதில் தெரிகிறதோ அதுதானே கம்ப்யூட்டர்? எண்பதுகளின் கடைசியில் சின்னமனூரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. துபாயிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் தங்கமும் சென்ட் பாட்டிலும் கொண்டுவரும் காலத்தில், இவர் மட்டும் சிலேட்டைவிடக் கொஞ்சம் தடிமனான அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். தட்டுகிற பொத்தான்கள் எல்லாம் அதன் முதுகிலேயே இருந்தன. அதிலிருந்து ஒரு ஒயர் டி.வி.க்கும் இன்னொன்று டேப் ரெக்கார்டருக்கும் போகும். மூளை இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, டி.வி. வெறும் முகம், டேப் ரெக்கார்டர்தான் நோட்டுப் புத்தகம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சளைக்காமல் சொல்லுவார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஆனால் நம்பவில்லை. அவ்வளவு பெரிய டி.வி. சும்மா முகமாக உட்கார்ந்திருக்கிறது, இந்தச் சோப்பு டப்பாவுக்குள் மூளை இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

அப்பாவும் நம்பவில்லை. உரக்கடை வைத்திருந்த அப்பாவுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். மேகமலையில் தெரிந்தவருடைய ஏலத்தோட்டத்தில் மேற்பார்வைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவை அங்கே அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். சித்தப்பா கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினார். தேனியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பும் தொடங்க ஆசை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் சித்தப்பாவுக்குத் தேனியில் வாத்தியார் வேலை. பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை தோட்டத்து ஜீப்.

நாற்பது பிள்ளைகளின் மார்க்கைக் கொடுத்தால் ராங்க் வாரியாக அடுக்கித் தருகிற ஒரு புரோகிராமைச் சித்தப்பா தட்ட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, டேப் ரெக்கார்டர் பெல்ட் தளர்ந்து இழுவை இழுவையாகப் பாட ஆரம்பித்தது. தேனியில் ரிப்பேருக்குக் கொடுத்தால் சனிக்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள். ஆக, தட்டியதை எழுதி வைக்க நோட்டுப் புத்தகம் இல்லை. "அணைச்சா அம்புட்டும் போயிரும்" என்று சொல்லி, வியாழன் காலையிலிருந்து சித்தப்பா அதை அணைக்கவே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை போகும் கரண்டு அந்த இரண்டு நாளும் அதிசயமாகப் போகவில்லை. சித்தப்பா சாப்பிடும்போதுகூட ஸ்டெபிலைசர் முள்ளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நானும் அந்த முள்ளையே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு எல்லாம் தயார். விருந்தாளியை அழைத்துவரச் சித்தப்பா சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று மலைப் பக்கம் பார்த்தார். வானம் கறுத்திருந்தது. திரும்பி வந்து என் முன்னால் குனிந்தார்.

"ஏத்தா, இடி இடிச்சாலும் சரி, வீடே இடிஞ்சு விழுந்தாலும் சரி, எதையும் தொட்ராத. ஒன்னைய நம்பித்தேன் போறேன்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் வடக்குத் தெருவில் மின்னல் இறங்கி ஒரு டி.வி. வெடித்துப்போனது. அன்றிலிருந்து முதல் இடிச் சத்தத்துக்கே ஊரில் எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்க ஓடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. ஒரு முறை மறந்துபோனதற்கு அப்பா முதுகில் வைத்த அடி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சித்தப்பா தெருமுனை திரும்பியிருக்க மாட்டார். முதல் இடி விழுந்தது. அம்மா அடுப்படியில் விருந்தாளிக்கு வடைக்கு மிக்சியில் அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்சிக்கு அந்தச் சட்டம் கிடையாது. நான் சுவரோரம் நின்றேன். சுவிட்சுப் பலகையில் இரண்டு பிளக்குகள். பெரியது டி.வி.யுடையது, சின்னது கறுப்புப் பெட்டியுடையது. இரண்டாவது இடிக்கு ஜன்னல் அதிர்ந்தது. கை தானாகப் போகிறது, திரும்ப வருகிறது.

அப்போது எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. டி.வி. அப்பாவுடையது. அதில் அப்பா சொல் கேட்க வேண்டும். பெட்டி சித்தப்பாவுடையது. அதில் சித்தப்பா சொல் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு பிளக். பெரியதைப் பிடுங்கினேன்.

திரை சட்டென்று இருண்டது. அந்த நொடியில் எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு நாளாகச் சித்தப்பா தட்டிய எழுத்தெல்லாம் அந்தக் கண்ணாடியில்தானே இருந்தது! அணைத்தால் போய்விடும் என்றாரே, அணைத்துவிட்டேனே! டி.வி.யைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது இடி வீட்டுக்குள்ளேயே விழுந்த மாதிரி விழுந்தது. எழுத்துதான் போயிற்று, பெட்டியாவது பிழைக்கட்டும் என்று சின்னப் பிளக்கையும் பிடுங்கினேன்.

மழை கொட்டித் தீர்த்தது. இடி அடங்கியதும் இரண்டையும் பழையபடி செருகினேன். திரையில் வெளிச்சம் வந்தது. அடியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. மற்றபடி வெறிச்சென்று இருந்தது. நான் நினைத்தது சரியாகப் போயிற்று.

குடையோடு மூன்று பேர் வந்தார்கள். சித்தப்பா, விருந்தாளி, கடையை முன்னதாகவே சாத்திவிட்டு வந்த அப்பா. சித்தப்பா சிரித்த முகமாக உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டினார். மறுபடி தட்டினார். சிரிப்பு மெல்ல வற்றியது.

"மதினி, கரண்டு போச்சா?"

"இல்லையே தம்பி. மிக்சி ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே, டி.வி. பிளக்கைப் பிடுங்கியதைச் சொல்லிவிட்டேன். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. சித்தப்பா என் தலையில் கை வைத்தார்.

"அது பரவாயில்லத்தா. டி.வி.யப் பிடுங்குனா ஒண்ணும் ஆகாது. இந்தச் சின்னத? இதத் தொட்டியா?"

மன்னிப்பு கிடைத்துவிட்டது. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று இப்போதும் சொல்ல முடியும். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பின்னால் அப்பா வேறு நின்றுகொண்டிருந்தார்.

"இல்ல சித்தப்பா."

விருந்தாளி நல்ல மனிதர். வடையைச் சாப்பிட்டுக் காபியைக் குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் போனார். அதிசயம், அப்பாவே இறங்கி வந்தார். "விடுறா. அவுகதான் இன்னொரு நா வாரேன்னு சொல்லிட்டுப் போறாகள்ல. டேப்பு வந்துரட்டும், அப்பறம் காட்டு."

சித்தப்பா கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்ணே. கரண்டு இருக்கிறப்பவே தானா மறந்துபோகுது. நாளைக்கு நாப்பது பிள்ளைக முன்னால மறந்துச்சுன்னா என்னத்தச் சொல்லுவேன்?" பெட்டியை அதன் அட்டைக்குள் வைத்து மூடினார். திங்கட்கிழமை ஜீப்பில் ஏறி மேகமலைக்குப் போய்விட்டார்.

எட்டு வருடம் கழித்து மதுரையில் கம்ப்யூட்டர் படிக்கச் சேர்ந்தேன். முதல் வாரப் பாடமே அதன் உறுப்புகள்தான். திரை காட்டுவதற்கு மட்டும், அதை அணைத்தால் உள்ளே இருப்பது எங்கேயும் போகாது, பெட்டிக்கே கரண்டு நின்றால்தான் நினைவு அழியும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை.

சித்தப்பா இன்றும் மலையில்தான் இருக்கிறார். கல்யாணம் பண்ணி, பிள்ளைகள் பெற்று, தோட்டத்தில் நல்ல பெயரோடு இருக்கிறார். கம்ப்யூட்டர் பக்கமே போவதில்லை. இறங்கி வரும்போதெல்லாம் எனக்கென்று முதல் தர ஏலக்காயாகப் பொறுக்கி ஒரு பொட்டலம் கொண்டுவருவார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். காயை வாங்கிக்கொண்டு காபி போடப் போய்விடுவேன்.

அந்தப் பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. சித்தப்பாவின் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. பெட்டி கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் அவர் நம்ப முடியும். துபாயில் பட்ட பாட்டையெல்லாம் கொடுத்து வாங்கிய பெட்டியைக் கைவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் என்னை நம்பினார். அடியிலிருந்து தப்பித்துக்கொண்டேன் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.