மூன்று நாள் திருத்தாத கடிகாரம்

உச்சிப்புளிப் பக்கம் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் எடுபிடியாக இருந்தேன். தினமும் மாலை நான்கு மணிக்குத் தந்தியில் சரியான நேரம் வரும். அதன்படி வாசல் கடிகாரத்தைத் திருத்துவது என் வேலை. சோம்பலில் மூன்று நாள் விட்டுவிட்டேன். கடிகாரம் எட்டு நிமிடம் பின்தங்கியது.

நான்காம் நாள் காலை ரயிலுக்கு எவ்வளவு நேரமென்று அதைப் பார்த்துவிட்டுப் போன பக்கத்துத் தெருக் காசிம் பாய், நேரமிருக்கிறதென்று நம்பி, பிரசவ வலியிலிருந்த மனைவியை மாட்டுவண்டியில் மெதுவாக அழைத்துவந்தார். ராமநாதபுரம் ரயில் போய்விட்டிருந்தது.

“நாந்தேன் பிந்திட்டேன் தம்பி” என்று என்னிடமே வருந்தினார்.

“இல்ல பாய், கடிகாரத்த நான் திருத்தல.”

வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவி கத்தினார்: “பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கங்க! அங்கன லாரி வருது, மறிங்க!”

ஓடிப்போய் மறித்தேன். உப்பு லாரியில் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பிறகு எத்தனையோ ஊர் திரிந்துவிட்டேன். எங்கே கடிகாரத்தைப் பார்த்தாலும், இதைக் கடைசியாக எவன் திருத்தினான், என்றைக்குத் திருத்தினான் என்றுதான் முதலில் நினைக்கிறேன்.