எழுந்து நின்றதற்கு ஒரு சுழி

சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. திருபுவனையில் மருந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டி அனுப்பும் சின்னத் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று அறிய நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்க வேண்டாம், எதிர்பாராத நேரங்களில் எட்டிப் பார்த்துக் குறித்தாலே போதும், பல தடவை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சாம்பிளிங் என்று பெயர். வில்லியனூரில் பூசைக்குப் போன இடத்தில் பங்குச் சாமியாரிடம்கூட அதை விளக்கினேன். பாவம், தலையாட்டினார்.

லேபிள் கூடத்தில் பெண்கள் வரிசையாக முக்காலியில் உட்கார்ந்து ஒட்டுவார்கள். ஒட்டிய பாட்டில்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குப் போய்ச் சேரும். எது யார் ஒட்டியது என்று ஆண்டவனுக்கே தெரியாது. ஆள் அதிகம், ஒருத்தியை நிறுத்த வேண்டும், யாரென்று பார்த்துச் சொல் என்றார் மேனேஜர். விடுவேனா? நேரம் எழுதிய சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன். எந்த நேரம் வருகிறதோ அப்போது கூடத்துக்குள் நுழைவேன். வேலை செய்கிறவளுக்கு டிக், சும்மா இருப்பவளுக்குச் சுழி.

"தொர வந்துட்டாருடி, டப்பாவுல சீட்டு வுழுந்துடுச்சு போல," என்பாள் ஒருத்தி. மற்றவர்கள் தலையைத் தூக்காமலே சிரிப்பார்கள். கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். மரியாதை தெரியாத ஜென்மங்கள் என்று பல்லைக் கடித்தபடி டிக் போடுவேன். சுத்துக்கேணியிலிருந்து வரும், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி மட்டும் என்னைக் கண்டதும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, செருகிய புடவையை இறக்கிவிட்டு எழுந்து நிற்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். "உட்காரும்மா" என்று பெரிய மனுஷன் மாதிரி கையசைத்துவிட்டு, அவள் பேருக்கு நேரே சுழி போடுவேன். வேலை செய்யவில்லையே, என்ன செய்வது!

கணக்கில் அவள்தான் கடைசி. சனிக்கிழமையோடு நிறுத்திவிடலாம் என்றார் மேனேஜர். அதை அவளிடம் சொல்லும் நல்ல காரியம் என் தலையில் விழுந்தது.

"இன்னா சார், நான் இன்னா தப்பு பண்ணேன்?" குரல் உடைந்தது அவளுக்கு. "கரும்பு வண்டிலேர்ந்து வுழுந்து, காலு ஒடிஞ்சி வூட்டுக்காரரு படுத்துக் கெடக்கறாரு. என் வேலைலதான் சார் அடுப்பு எரியுது. நீங்க வர்றப்பல்லாம் மரியாதையாதான நடந்துக்கினேன்?"

"மரியாதை வேற, வேலை வேறம்மா. சாம்பிள் பொய் சொல்லாது."

இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று மத்தியானம் என் மேஜையில் அடுத்த சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தேன். மேனேஜர் அந்தப் பக்கம் வந்தார். பேனாவை மூடிவைத்துவிட்டு விருட்டென்று எழுந்து நின்றேன்.

"என்னய்யா, எப்பப் பாத்தாலும் சும்மாவே நிக்கிற? வேலை எதுவும் இல்லியா உனக்கு?"

"ஐயோ சார், இவ்ளோ நேரம் எழுதிக்கினுதான் இருந்தேன். நீங்க வந்தீங்களேன்னுதான்..."

சொல்லும்போதே அவள் எழுந்து நிற்பது கண்முன் வந்தது. சீட்டைக் குலுக்கியதெல்லாம் சரிதான். ஆனால் நான் பார்த்த அத்தனை தடவையும் அவள் எதிரில் நானும் இருந்தேனே! நான் நுழையாத நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு ஒருமுறைகூடத் தெரியாது.

மேனேஜரிடம் அங்கேயே எல்லாவற்றையும் உளறிக்கொட்டினேன். இருவரும் போய் ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாக, அவர்களுக்குத் தெரியாமல் பார்த்தோம். அவள் கை நிற்கவே இல்லை. அழுதுகொண்டிருந்தாள், கண்ணீரைத் துடைக்கக்கூட பாட்டிலைக் கீழே வைக்காமல், முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டு ஒட்டினாள்.

"அந்தப் பொண்ணு இருக்கட்டும், யாரையும் நிறுத்த வேணாம். உன் டப்பாவத் தூக்கி அடுப்புல போடு," என்றார் மேனேஜர்.

நானே போய் அவளிடம் சொன்னேன். "வேலைக்கு வாம்மா. ஆனா இனிமே நான் வந்தா எழுந்துக்காத."

"சரிங்க சார்," என்றாள், எழுந்து நின்று.

பழக்கம் விட அவளுக்குச் சில நாள் பிடித்தது. பிறகு ஒரு நாள் கூடத்துக்குள் நுழைகிறேன், ஒரு தலையும் நிமிரவில்லை. மனசு நிறைந்துதான் இருந்தது. அந்தத் தொழிற்சாலையில் எனக்காக எழுந்து நின்ற ஒரே ஆளையும் நானே உட்காரவைத்துவிட்டேனே என்று கொஞ்சம் வயிறும் எரிந்தது.

"தொர வந்துட்டாருடி," என்றது ஒரு குரல். இந்தத் தடவை சொன்னது அவள்தான். கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.