பந்து எங்கே போனது?

இடஒதுக்கீட்டு மறியல் நடந்த வருஷம் எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருந்தேன். ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் ஓடவில்லை, கடை திறக்க வழியில்லை. எங்கள் மாடியில் குடியிருந்த பேங்க் மேனேஜரும் சும்மாதான் இருந்தார். பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வரும்போதே ஒரு நீளப் பையில் கோல்ஃப் மட்டைகளைக் கொண்டுவந்திருந்தார்.

"வாங்க பாய், ஆளுக்கு நாலு பந்து அடிச்சிட்டு வரலாம்" என்றார்.

வடக்கனந்தல் ரோட்டோரம் அறுப்பு முடிந்த வயல்கள் கிடந்தன. அங்கே போகிற வழியில், குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின்மேல் மறியல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னா சார் பையி? துப்பாக்கியா?"

மேனேஜர் பதறிப்போய்ப் பையைத் திறந்து காட்டினார். "பந்து அடிக்கிற மட்டைங்க."

"எங்க, அடிச்சிக் காட்டு."

மேனேஜர் ஒரு வீசு வீசினார். பந்து மரத்தைத் தாண்டி, கரண்டுக் கம்பியைத் தாண்டி, வயலில் போய் விழுந்தது. விசில் பறந்தது. "அடுத்து பாய்!" என்று எல்லோரும் கத்தினார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணப் புடவை என் கடையில் எடுத்ததுதான். மறுக்க முடியவில்லை.

அந்த மாதம்தான் நான் புதுக் கண்ணாடி போட்டிருந்தேன். மேல்பாதி தூரப் பார்வைக்கு, கீழ்ப்பாதி படிக்க. குனிந்து பார்த்தால் பந்து கொழுக்கட்டை மாதிரி உப்பித் தெரிந்தது. ஓங்கி அடித்தேன். மண் பறந்தது.

"பாய், பந்து அங்கியே கீது!"

மறுபடி அடித்தேன். இந்தத் தடவை மட்டையே கையை விட்டுப் பறந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அவர்களே கிளையை ஒதுக்கி வழிவிட்டு, "போங்க, நல்லா கத்துக்கினு வாங்க" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "புதுக் கண்ணாடி போட்டதிலேர்ந்து கடைசிப் படியில தெனம் தடுக்கிக்கினு இருக்கீங்க. படியே தெரியல, பந்து எங்க தெரியும்? பழசை எடுத்து மாட்டுங்க" என்றாள்.

மாட்டினேன். ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துப் பார்த்தேன். அது அதன் அளவில், அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மேனேஜர் பாடம் சொன்னார். பந்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதை மட்டும் பார்த்து அடிக்க வேண்டும். அடித்த பிறகும் தலையைத் தூக்காமல், பந்து இருந்த இடத்தையே பார்க்க வேண்டும். முதல் இரண்டும் எனக்கு வந்துவிட்டன. மூன்றாவதுதான் வரவில்லை. ஒரு பொருளை அடித்தவன் அது எங்கே போனது என்று பார்க்காமல் எப்படி இருப்பான்?

பின்கட்டில் சொம்பைச் சாய்த்து வைத்து, எலுமிச்சம்பழத்தை உள்ளே தள்ளிப் பழகினேன். காவலுக்கு மனைவி.

"உள்ள போச்சா?"

"தரைய பாருங்க."

"போச்சான்னு சொல்லேன்!"

"சொன்னா தலைய தூக்குவீங்க."

கடைசியில் அவளே ஒரு உபாயம் கண்டுபிடித்தாள். பழத்துக்கு அடியில் எனக்குத் தெரியாமல் ஒரு நாலணாவை வைப்பாள். அடித்ததும் அது பூவா தலையா என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் கண் அங்கேயே இருந்தாக வேண்டும். சில நாளில் கழுத்து அடங்கிவிட்டது. அடிபட்ட பழங்களால் வீட்டில் ஊறுகாய் ஜாஸ்தியாகிவிட்டது.

மறியல் ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஜீப்பில் கல்வராயன்மலைக்குப் போனோம். வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு புல்சரிவு. மேனேஜர் அடித்த பந்து புதரில் போய் விழுந்தது. அடுத்து நான். பழைய கண்ணாடி, பந்தில் கறுப்புப் புள்ளி. வீசினேன். மல்துணியில் கத்திரி ஓடினதுபோல, கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. பந்து இருந்த இடத்தில் ஒடிந்த புல்லும் அதில் ஓர் எறும்பும் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க போச்சு?"

மேனேஜர் சரிவில் இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார்.

"அந்தக் கடுக்காய் மரத்துக்கு மேல போச்சுங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் அப்படி ஒரு மரியாதையை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

சாயங்காலம்வரை தேடினோம். பந்து கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் மேனேஜருக்கு மாற்றல் வந்தது, மட்டைகளும் அவரோடு போய்விட்டன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் மனைவி இன்னும் அந்த அடியைப் பற்றிச் சொல்கிறாள். முதலில் பந்து ஒரு மரத்தைத் தாண்டியது. பிறகு ஓடையைத் தாண்டியது. போன வாரம் சொன்னபோது எதிரில் வந்த கொக்கு ஒன்று ஒதுங்கி வழிவிட்டதாம். நான் வாய் திறப்பதில்லை. பார்த்தவள் அவள்தானே.