கோவர்த்தனனின் நூறு வருஷம்

சித்தூர் ஜில்லா விஜயபுரம் பக்கத்தில் நிலக்கடலை போடுகிற கோவர்த்தனனிடம் நாளைக்கு என்ன நடக்கும் என்று கேட்டால் தெரியாது. நூறு வருஷம் கழித்து என்ன ஆகும் என்று கேளுங்கள், துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துவிடுவான். "அப்போ ராஜ்ஜியம் கீஜ்ஜியம் ஒண்ணும் இருக்காதுப்பா. மெஷினு ஏர் ஓட்டும். உலகம் பூரா ஒரே துட்டு, ஒரே பாஷை. நாம இன்னாத்துக்கு அடிச்சிக்கினு சாவணும்?" டீக்கடையில் பேப்பர் படித்துப் பழகிய வாய். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஐம்பத்தொன்றில் ஜனக்கணக்கு எடுக்க ஆள் வந்தபோது அந்த வாய் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே! அங்கெல்லாம் வீட்டில் தமிழ், ஆபீஸ்காரர் எதிரில் தெலுங்கு. அது ஒரு மரியாதை. இவனும் தெலுங்கிலேயே பேசினான். தாய்பாஷை எது என்று அவர் கேட்டார். எல்லாம் ஒன்றாகப்போகிறது, உங்களுக்கு எது சுளுவோ அதை எழுதிக்கொள்ளுங்கள் என்று சிரித்தான். தெருவே கழனிக்குப் போயிருந்ததால் இருபது வீட்டுக்கும் இவன்தான் பதில் சொன்னான். இருபதும் தெலுங்கு என்று பதிவாயிற்று.

பிறகு ஆந்திரா தனியாகப் பிரிந்தது, இவன் ஊரும் அதோடு போயிற்று, எல்லைத் தகராறு கிளம்பியது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதை அந்தப் பழைய ஜனக்கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். பேப்பரில் அதைப் படித்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். மகள் வரலட்சுமி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறாள், கிளாஸில் முதல். ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டால் தமிழ் வாத்தியார் இருப்பாரா? பாவி, என்ன காரியம் செய்தோம்!

உட்கார்ந்த இடத்தில் உட்காரமாட்டான். ஏர் பூட்டிவிட்டு பாதியில் அவிழ்ப்பான். பெண்சாதி தாட்சாயணியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். தெருவில் சொல்ல வாய் வரவில்லை. மனு எழுதிக்கொண்டு பஸ் பிடித்து சித்தூருக்கு ஓடினான். அங்கே கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்ததும், நாக்கு தானாகத் தெலுங்குக்குப் போய்விட்டது. தான் தமிழன் என்பதை சுத்தமான தெலுங்கில் விளக்கினான். குமாஸ்தா சிரித்துவிட்டு மனுவை வாங்கி வைத்தார்.

அறுபதில் எல்லை முடிவானது. ஊர் ஆந்திராவில் நின்றது. தமிழ் வாத்தியார் டிரங்குப் பெட்டியோடு திருத்தணிப் பக்கம் போய்விட்டார்; அவர் இடத்துக்குத் தெலுங்கு வாத்தியார் வந்தார்.

"நூறு வருஷம் கெடக்கட்டும்யா. ஒம்போது வருஷம் தெரியலையே உனுக்கு" என்றாள் தாட்சாயணி. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

மறு வருஷம் மறுபடி ஜனக்கணக்கு. கோவர்த்தனன் அன்று வேலைக்குப் போகாமல் காலையிலிருந்து வாசலிலேயே நடந்துகொண்டிருந்தான். வந்தவர் பெஞ்சில் உட்காருவதற்குள், "தமிழ்! தமிழ்னு எழுது சார்!" என்று கத்தினான். அவர் பொறுமையாக எழுதினார். கோவர்த்தனன் காகிதத்தை எட்டிப் பார்த்தான். அத்தனையும் தெலுங்கு எழுத்து. பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது.

"பாப்பா, இங்க வா. இன்னா எழுதிக்கிறாருன்னு பாரு."

பன்னிரண்டு வயது வரலட்சுமி வந்து குனிந்து, விரலை வைத்து, தடங்கல் இல்லாமல் படித்தாள்.

"தமிழ்னுதான் போட்டுக்கீது நைனா."