சிலோன் சவரியின் பதினான்கு மாதங்கள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மஸ்கெலியாவுக்குப் போகும் முதல் பஸ் என் வீட்டு வாசலில் நின்றது. அங்கே பஸ் நிறுத்தம் கிடையாது. கண்டக்டர் சோமபால இறங்கி வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "மாஸ்டர், சவரி அய்யா போயிட்டாரு. ஆஸ்பத்திரியில. நெஞ்சில சளின்னு சொன்னாங்க" என்றார். சிங்களவரான அவர் தமிழில் பேசினால் எப்போதும் சற்று நிதானமாகப் பேசுவார். அன்று இன்னும் நிதானமாகப் பேசினார்.

பஸ்ஸுக்குள் ஒருவர் "யாருப்பா செத்தது?" என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் சொன்ன பதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அதான்யா, அந்த பாக்சரு. அடி வாங்கி அடி வாங்கி மூள கலங்கிப் போச்சே. பெத்த தாய் சாவுக்கு வந்துட்டுப் போனதையே மறந்து பிரஜாவுரிமைய கோட்ட விட்டாரே, அவரு." யாரும் சிரிக்கவில்லை என்று எழுத விரும்புகிறேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்த வார்த்தைகளுக்காகவே இதை எழுதுகிறேன். இருபத்தேழு வருடம் தோட்டப் பாடசாலையில் தலைமையாசிரியராக இருந்தும், அச்சில் வருவதற்கென்று நான் எதையும் எழுதியதில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சவரிமுத்துவை நேரில் "நீ" என்றுதான் அழைத்தேன். அவர் என்னை "நீங்க" என்றார். எங்கள் வயதுக்கும் வேலைக்கும் அதுதான் வழக்கம். இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். காலம் கடந்த மரியாதை என்பது தெரியும்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மேல் லயத்தில் பிறந்தவர். தாய் மரியம்மா கொழுந்து எடுத்தார். தந்தையின் முகம் அவருக்கு நினைவில்லை. உலக யுத்த காலத்தில் தியத்தலாவை இராணுவ முகாமின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வெள்ளைச் சிப்பாய்கள் குத்துச்சண்டை பழகுவதற்கு, அடியைத் தாங்கும் ஓர் உடம்பு தேடினார்கள். இவர் நின்றார். ஆறு மாதம் கழித்து அவர்களால் இவரை அடிக்க முடியவில்லை. யுத்தம் முடிந்து முகாம் சுருங்கியதும், கார்னிவல்களில் காசுக்குச் சண்டை போடத் தொடங்கினார்.

ஹட்டனில் நடந்த ஒரு சண்டையை நான் பார்த்தேன். எதிராளி கொழும்புத் துறைமுகத்து ஆள். இவரைவிட ஒரு தலை உயரம். முதல் நான்கு ரவுண்டில் சவரி ஒரு குத்துக்கூட விடவில்லை. விலகினார், குனிந்தார், சுற்றினார். "டேய் சவரி, டான்ஸ் ஆடவா வந்த?" என்று கத்தினார்கள். "கூடைய மாட்டி விடுங்கடா, கொழுந்தாவது எடுக்கட்டும்!" ஐந்தாவது ரவுண்டில் இடது கை ஒரே தடவை வயிற்றுக்குப் போனது. துறைமுகத்து ஆள் பாய் விரித்தவர் மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"நாலு ரவுண்டு ஏன் சும்மா இருந்த?" என்று மறுநாள் கேட்டேன்.

"சும்மா இல்லீங்க மாஸ்டர். அடிக்கிறதுக்கு முன்னால அவன் மூச்ச உள்ள இழுக்கிறான். எந்தக் கைக்கு எவ்வளவு இழுக்கிறான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

பத்து வருடம் கழித்தும் அந்தச் சண்டையை ரவுண்டு ரவுண்டாகச் சொல்வார். எந்தக் கை, எந்த மூலை, எந்தக் கால் முன்னால் என்று எதுவும் மாறாது. சோதித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இரண்டு தடவை சோதித்தேன்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருடம் ஒரு கார்னிவல்காரர் அவரை மெட்ராசுக்கு அழைத்துப் போனார். பதினான்கு மாதம். ஒன்பது சண்டையில் ஏழு வெற்றி. ஒவ்வொரு சண்டைக்கும் ரோஸ், மஞ்சள் காகிதத்தில் நோட்டீஸ் அச்சடித்தார்கள். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் "சிலோன் சவரி". கையுறை மாட்டிய படமும் உண்டு. அவர் போன ஆறாவது மாதத்தில் மரியம்மா இறந்தார். தந்தி கண்டு, ரயிலிலும் படகிலுமாக வந்து தாயை அடக்கம் செய்தார். ஐந்து நாள் தங்கிவிட்டுத் திரும்பிப் போனார். அது பாடசாலை விடுமுறைக் காலம். நான் கண்டியில் இருந்தேன்.

அடுத்து நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் வந்த சட்டப்படி தோட்டத்து மக்கள் பிரஜைகள் அல்ல; இங்கேயே தொடர்ந்து குடியிருந்ததைக் காட்டி மனுப்போட வேண்டும். மனுப்போட வேண்டாம் என்று முதலில் தொழிற்சங்கத்தில் சொன்னார்கள். கெடு முடியப் போகும்போது எல்லோரும் போடுங்கள் என்றார்கள். பாடசாலை விட்டதும் என் மேசை முன்னால் தோட்டமே வரிசையில் நின்றது. மனுக்கள் எல்லாம் ஆங்கிலம். நான் கேட்டு எழுதுவேன். அவர்கள் கையெழுத்தோ பெருவிரலோ வைப்பார்கள். கடைசியில் எழுதியவர் என்று நான் ஒப்பமிடுவேன். பொய்யான தகவலுக்கு என்ன தண்டனை என்பது அதற்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

சவரி ஒன்பது நோட்டீசையும் கொண்டுவந்தார்.

"இதையும் சேத்துக் குத்துங்க மாஸ்டர்."

"இது எதுக்குப்பா?"

"பேரப் பாருங்க. சிலோன் சவரி. மெட்ராஸ்காரனே ஒத்துக்கிட்டு அச்சடிச்சிருக்கான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

வரிசையிலிருந்த ஒரு பெண், "ஆமா, அத்தாட்சியில அரைக்கால் சட்டையோட நிக்கிற. பாக்குற தொர மொகத்தத் திருப்பிக்குவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சவரிதான் அதிகம் சிரித்தார்.

நான் நோட்டீஸ்களைத் திகதிவாரியாக அடுக்கினேன். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தவருக்கு வதிவு, அதாவது தொடர்ந்து குடியிருந்த கணக்கு, அறுந்துவிடும் என்பது விதி. முதல் நோட்டீசுக்கும் கடைசி நோட்டீசுக்கும் இடையில் பதின்மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது.

"நடுவுல வந்தியா?"

"அம்மா செத்ததுக்கு வந்தேனே. மார்கழி பத்தொம்பது அடக்கம். இருபத்துமூணு வரைக்கும் இருந்தேன்."

"படகுச் சீட்டு இருக்கா?"

"அழுதுகிட்டு வந்தவன் சீட்டையா மாஸ்டர் பத்திரப்படுத்துவான்? ஊரே பாத்துச்சு."

ஊர் பார்த்ததை எழுதலாம். அதை எழுதினால் பதினான்கு மாதம் இரண்டாகப் பிரியும். இரண்டுமே விதிக்குள் அடங்கும். எனக்கு அது தெரியும். ஆதாரமில்லாத ஒன்றை எழுதினால் மற்ற மனுக்களையும் சந்தேகிப்பார்கள் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சிறிய எழுத்தில் இருந்த அந்தத் தண்டனை என்னைப் பயமுறுத்தியது. புறப்பட்ட திகதி ஒன்று, திரும்பிய திகதி ஒன்று என்று ஒரே வரியில் எழுதி முடித்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்ட பிறகு நுவரெலியாக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், விசாரணை. எழுதியவன் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். அதிகாரி மரியாதையான மனிதர். நடுவில் வரவில்லையா என்று கேட்டார். அம்மா சாவுக்கு வந்தேன் என்றார் சவரி. அப்படியானால் மனுவில் ஏன் இல்லை, எழுதியவரிடம் சொல்லவில்லையா என்று அதிகாரி கேட்க, மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

சவரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"சொல்லலீங்க. மறந்துட்டேன்" என்றார்.

"தாயின் சாவையா மறந்தீர்?"

"தலையில நெறைய அடி பட்டிருக்குங்க."

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். பிற்பாடு சோடித்த கதை என்று மனு நிராகரிக்கப்பட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க எழுதினது எத்தன பேரோடது அங்க கெடக்கு? உங்க கை மேல சந்தேகம் வந்தா அத்தனையும் போயிரும். எனக்கு ஒண்ணுதானே மாஸ்டர்."

நான் எழுதிய மனுக்களில் சில ஏற்கப்பட்டன. அந்தக் குடும்பங்கள் இன்று இந்நாட்டுப் பிரஜைகள். மறதிக்காரச் சவரியின் கதையைச் சொல்லிச் சிரித்தவர்களில் அவர்களும் உண்டு. கதை எனக்கு வசதியாக இருந்தது. நான் திருத்தவில்லை.

கொழும்பில் இலங்கைப் பட்டத்துக்கான சண்டைக்கு அவர் பெயர் பேசப்பட்டிருந்தது. பிரஜாவுரிமைக் கடிதம் கேட்டார்கள். இல்லை என்றதும் வேறொருவரைப் போட்டார்கள். முப்பத்தைந்து வயதில் கையுறையைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். பகலில் தேயிலை ஸ்டோரில் பெட்டி தூக்கினார். வேலை விட்டதும், கொழுந்து நிறுப்பது நின்றுபோய்க் கைவிடப்பட்ட பழைய மடுவக் கொட்டகையில், மரத்தூளும் கழிவுத் தேயிலையும் அடைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு இளைஞர்களைப் பழக்கினார். கையுறை தருவதற்கு முன் மூன்று மாதம் தேயிலை நிரைகளுக்கு நடுவே சரிவில் பக்கவாட்டாக ஏறி இறங்கச் சொல்வார். "சரிவுல நிக்கத் தெரிஞ்சவன் சமதரையில விழ மாட்டான்" என்பார். இன்னொன்றும் சொல்வார்: "அடி வாங்குறது வெக்கமில்ல. எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியாம வாங்காத."

டவுனிலிருந்த ஒரு பெரிய பாடசாலை அவரைப் பயன்படுத்திக்கொண்டது. மூன்று வருடம் உதவியாள் என்ற பெயரில் அவர்தான் பயிற்சி கொடுத்தார். அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கலாமா என்று ஒரு கூட்டம் நடந்தது. என்னையும் ஒரு பெரிய மனிதன் என்று அழைத்திருந்தார்கள். ஒருவர் சொன்னார், "நல்ல மனுசன்தான். ஆனா நினைவு தப்பினவர்கிட்ட பிள்ளைகள விட முடியுமா?" மற்றவர்கள் தலையசைத்தார்கள். நான் தேநீரில் விழுந்த பிஸ்கட் துண்டைக் கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்து முடிப்பதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. பயிற்சியாளர் பதவி, உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போனது.

சோமபால அந்த மடுவத்து மாணவர். வலப்பனையிலிருந்து பஸ் வேலைக்கு வந்தவர், அங்கேதான் நிற்கப் பழகினார். சவரிக்குக் கிடைக்காத அந்தப் பட்டத்தை அவர் வென்றார். நானும் கொழும்புக்குப் போயிருந்தேன். மேடைக்கு ஏறும் பயிற்சியாளரிடம், பிரஜைகளுக்கு மட்டும் கொடுக்கும் அனுமதி அட்டை கேட்டார்கள். சவரியிடம் எந்த அட்டையும் இல்லை. கீழே வாளியோடு நின்றார். வென்றதும் சோமபால கயிற்றின் மேல் குனிந்து, சிங்களத்தில் அண்ணனை அழைப்பதுபோல், "அய்யே, மேல வாங்க!" என்று கத்தினார். காவலர் கையை நீட்டித் தடுத்தார். சவரி என்னிடம் சொன்னார்: "வாளி தூக்குறதுக்கு மட்டும் பிரஜாவுரிமை கேக்க மாட்டேங்கிறான் பாருங்க." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சென்ற ஆண்டு இந்திய, இலங்கை அரசாங்கங்கள் இரண்டும் நம்மை இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்துக் கையெழுத்திட்ட செய்தி வந்தபோது அவர் என்னைப் பார்க்க வந்தார். இருமல் அப்போதே இருந்தது. "ரிங்குல மூணு பேர் உக்காந்து பாத்துத்தான் பாயிண்டு போடுவான். இவனுங்க சண்டையே பாக்கலையே மாஸ்டர்" என்றார். புது மனுக்கள் வந்தால் நீங்களே எழுதித் தாருங்கள் என்றும் சொன்னார். "சவரி, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"மணி அடிச்ச பெறகு கை நீட்டக்கூடாது மாஸ்டர். தேத்தண்ணிய குடிங்க."

நான் குடித்தேன். பலர் இதைக் கேட்டு அவரது பெருந்தன்மையைப் புகழக்கூடும். எனக்கோ அது இன்னொரு தடவை தப்பிக்கக் கிடைத்த வழி.

அடக்கத்துக்கு டவுன் பாடசாலையிலிருந்து மலர்வளையம் வந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் "எங்கள் ஒப்பற்ற பயிற்சியாளர்" என்று பேசினார். ஒருவர் என் காதருகே, "நெனவு போனாலும் மனுசன் தங்கம்" என்றார். எல்லோரும் போன பிறகு பாதிரியாரிடம் அடக்கப் பதிவேட்டைக் கேட்டேன். பழைய பக்கங்களில் மரியம்மா இருந்தார். மார்கழி பத்தொன்பது. உடலைப் பொறுப்பேற்றவர் என்ற இடத்தில் மகனின் கையெழுத்து. என் பாடசாலைக்கும் அந்தக் கோயிலுக்கும் இரண்டு மைல். மனு எழுதிய அந்த வாரத்தில் ஒரு மாலை நடந்து போயிருந்தால் அது கிடைத்திருக்கும்.

அவர் படம் என்னிடம் இல்லை. நோட்டீஸ்கள் ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில், நான் அடுக்கிய வரிசையிலேயே கிடக்கும். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, கச்சேரியில் அவர் எனக்காகச் சொன்ன ஒரு பொய் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் நல்ல பெயரோடு வாழ்ந்தேன். இதை எழுதுவதால் யாருடைய பிரஜாவுரிமைக்கும் கேடு வராது என்று ஒரு வக்கீலிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். ஆகவே அந்த மனுக்களால் இந்நாட்டவரான நீங்களும், அன்று பஸ்ஸில் சிரித்த நீங்களும் அறிய வேண்டும்: சவரிமுத்து எதையும் மறக்கவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, போன நாளும் வந்த நாளும் தவறாமல் சொன்னார். நான் எழுதவில்லை.